டயாலிசிஸ் அறையில் ஹெபடைடிஸ் சி: வைரஸ் வருவது மெஷின் வழியாகவா, கை வழியாகவா?

சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் தொடங்கப்போகும் எவருக்கும் முதலில் எடுக்கும் ரத்தப் பரிசோதனைகளில், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி வைரஸ்களும் எச்ஐவியும் ஆகிய மூன்றும் இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு மூன்றுமே நெகட்டிவ் என்று வரும். அதன் பிறகு சில மாதங்களோ சில வருடங்களோ கழித்து, வழக்கமாக எடுக்கும் மறுபரிசோதனையில் ஹெபடைடிஸ் சி மட்டும் பாசிட்டிவ் என்று மாறி வந்தால் வீடே திகைத்துப் போகிறது. இடையில் ரத்தம் ஏற்றவில்லை, ஆபரேஷன் எதுவும் நடக்கவில்லை. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போய் வந்ததுதான். பிறகு எங்கிருந்து வந்தது?

"மெஷினிலிருந்து வந்திருக்கும்" என்பது பலரும் சட்டென்று சொல்லும் பதில். உடனே அவருக்கென்று தனி மெஷினும் தனி மூலையும் ஒதுக்கப்படும். மற்றவர்கள் நிம்மதி அடைவார்கள். இந்தப் பதில் பெரும்பாலும் தவறு என்பதும், அந்த நிம்மதிக்கு ஆதாரம் குறைவு என்பதும் விளங்க வேண்டுமானால், டயாலிசிஸ் நடக்கும் அந்த நான்கு மணி நேரத்தில் ரத்தம் எங்கெல்லாம் போகிறது, எங்கே போகவே முடியாது என்பதைப் பார்க்க வேண்டும்.

டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்து உருவாக்கிய ஃபிஸ்டுலாவில் இரண்டு ஊசிகள் குத்துவார்கள். ஒன்றின் வழியாக ரத்தம் வெளியே வருகிறது, மற்றொன்றின் வழியாகத் திரும்ப உள்ளே போகிறது. நிமிடத்துக்கு 300 மில்லிலிட்டர் என்று வைத்துக்கொண்டால் நான்கு மணி நேரத்தில் சுமார் 72 லிட்டர் ரத்தம் உடலுக்கு வெளியே சுற்றி வருகிறது. உடலில் இருக்கும் ஐந்து லிட்டர் சொச்சம் ரத்தமே திரும்பத் திரும்பச் சுற்றுகிறது என்பது உண்மைதான். ஆனாலும் வாரம் மூன்று முறை என்றால் ஆண்டுக்கு 156 அமர்வுகள், முந்நூறுக்கு மேற்பட்ட ஊசிக் குத்துகள். இவ்வளவு அடிக்கடி ரத்தம் திறந்துவிடப்படும் சிகிச்சை மருத்துவத்தில் வேறு இல்லை என்றே சொல்லலாம்.

ஆனால் அந்த ரத்தம் மெஷினுக்குள் நுழைவதில்லை. அது ஓடுவது, ஒவ்வொருவருக்கும் தனியாகப் பொருத்தப்படும் பிளாஸ்டிக் குழாய்களிலும் டயலைசர் எனப்படும் வடிகட்டியிலும்தான். டயலைசருக்குள் மெல்லிய சவ்வு இழைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ரத்தம் அவற்றின் உள்ளே போகும், டயாலிசிஸ் திரவம் வெளியே போகும். யூரியா போன்ற சிறிய மூலக்கூறுகள் சவ்வின் துளைகளைத் தாண்டும். ஹெபடைடிஸ் சி வைரஸ் அந்தத் துளைகளைவிடப் பல மடங்கு பெரியது. சவ்வு கிழியாத வரை அதனால் தாண்ட முடியாது. மெஷினின் உள்பாகத்தைத் தொட்டு ஓடுவது டயாலிசிஸ் திரவம் மட்டுமே. ஆக, மெஷினின் வயிற்றுக்குள் வைரஸ் உட்கார்ந்திருந்து அடுத்தவரைத் தொற்றும் என்ற பயத்துக்கு அடிப்படை மிகக் குறைவு. சிறு விதிவிலக்கு ஒன்று உண்டு. ரத்தக் குழாயின் அழுத்தத்தை அளக்கும் இடத்தில் ஒரு சின்ன வடிகட்டி மாட்டியிருக்கும். அதில் ரத்தம் ஏறி நனைந்துவிட்டால் மெஷின் பக்கமும் அசுத்தமாகியிருக்கலாம். அப்போது வடிகட்டியை மாற்றி, மெஷினின் உள்பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

அப்படியானால் ஆபத்து மெஷினின் வெளிப்பக்கத்தில் இருக்கிறது. மெஷின் திரையில், க்ளாம்ப்பில், நாற்காலியின் கைப்பிடியில், மருந்து வைக்கும் தட்டில், எல்லாவற்றுக்கும் மேலாகக் கையில்.

ஷிஃப்ட் மாறும் நேரத்தைக் கவனியுங்கள். காலையில் வந்தவருக்கு டயாலிசிஸ் முடிகிறது. நர்ஸ் ஊசியை உருவுகிறார். நோயாளி மற்றொரு கையின் விரலால் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொள்கிறார். பஞ்சு நனைகிறது, விரல் நுனியில் கண்ணுக்கே தெரியாத அளவு ரத்தம். அதே விரலால் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து எழுகிறார், எடை பார்க்கும் மெஷினின் கம்பியைப் பிடிக்கிறார், கதவைத் திறக்கிறார். இதற்குள் பக்கத்து மெஷினில் அலாரம் அடிக்கிறது. நர்ஸ் அதே கையுறையோடு போய் ஒரு பொத்தானை அழுத்தி அலாரத்தை நிறுத்துகிறார். அடுத்த ஷிஃப்டுக்கு வந்தவர் வெளியே காத்திருக்கிறார், அவருடைய வீட்டார் மணியைப் பார்க்கிறார்கள். முந்தையவர் இன்னும் நாற்காலியில் இருக்கும்போதே மெஷினைத் துடைக்கத் தொடங்கிவிடுகிறார்கள், அடுத்தவருக்கான குழாய்களையும் கொண்டுவந்து வைத்துவிடுகிறார்கள். யாரும் அலட்சியமாக இல்லை; எல்லோரும் அவசரத்தில் இருக்கிறார்கள். வைரஸ் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போக இந்தப் பத்துப் பதினைந்து நிமிடங்களே போதும்.

போதும் என்று சொல்லக் காரணம், சிகிச்சை பெறாத ஒருவரின் ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் லட்சக்கணக்கில் இந்த வைரஸ் இருக்கலாம் என்பதுதான். கறையாகக்கூடத் தெரியாத சிறு தடயத்திலும் தொற்றுக்குப் போதுமான வைரஸ் இருக்க முடியும். அதோடு இது காய்ந்தவுடன் செத்துவிடும் வகையும் அல்ல. உலர்ந்த துளியில், அறை வெப்பநிலையில், ஆறு வாரம் வரைகூட தொற்றும் திறனோடு இருந்ததை ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. நேற்று தெறித்து இன்று காய்ந்து கிடக்கும் ரத்தம் பழைய ரத்தம்தானே என்று விட்டுவிட முடியாது.

இன்னொரு வழி மருந்து. ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பரின் கொடுப்பார்கள். ஒரே குப்பியிலிருந்து பலருக்கு எடுக்கும் வழக்கம் உள்ள இடங்களில், பயன்படுத்திய ஊசியோ சிரிஞ்சோ ஒருமுறை அந்தக் குப்பிக்குள் திரும்பப் போனால் போதும், அந்த ஷிஃப்ட் முழுவதுக்கும் அது பொதுச்சொத்து ஆகிவிடும். மருந்துத் தள்ளுவண்டியை நோயாளிக்கு நோயாளி உருட்டிக்கொண்டு போவதும், ஒருவருக்கென்று எடுத்துப்போய் மிஞ்சிய பஞ்சையும் பிளாஸ்திரியையும் பொது அலமாரியில் திரும்ப வைப்பதும் இதே கணக்குதான். மருந்து நிரப்பும் இடம் நோயாளிகள் படுத்திருக்கும் இடத்திலிருந்து தள்ளி, தனியாக இருக்க வேண்டும். ஒருவரின் நாற்காலி அருகே போன பொருள் அவருக்கே பயன்பட வேண்டும், இல்லையென்றால் குப்பைக்குப் போக வேண்டும், கிருமிநீக்கம் செய்யக்கூடியது என்றால் செய்த பிறகே அடுத்தவரிடம் போக வேண்டும்.

இதெல்லாம் வெறும் ஊகம் இல்லை. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2016 ஜனவரியில் நாடு முழுவதும் டயாலிசிஸ் மையங்களுக்கு ஓர் எச்சரிக்கை அனுப்பியது. 2014, 2015 ஆண்டுகளில் எட்டு மாநிலங்களில் உள்ள 19 டயாலிசிஸ் கிளினிக்குகளில் 36 பேருக்குப் புதிதாக ஹெபடைடிஸ் சி தொற்றியிருந்தது அதற்குக் காரணம். அந்த இடங்களில் பொதுவாகக் கண்ட குறைகள்: ஊசி மருந்தைக் கையாளும் முறை, மேற்பரப்புகளைச் சுத்தம் செய்வது, கை கழுவுவது. பணமும் கருவியும் தாராளமாக உள்ள நாட்டிலேயே நிலைமை இது.

கொஞ்சம் பின்னோக்கிப் போனால் இந்தத் தொற்று டயாலிசிஸ் நோயாளிகளிடம் ஏன் இவ்வளவு குவிந்தது என்பது புரியும். 1989 வரை இந்த வைரஸுக்குப் பெயரே இல்லை. 'ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை' என்று மட்டும் அந்த மஞ்சள் காமாலையைக் குறிப்பிட்டு வந்தார்கள். ஹார்வி ஆல்டர் ரத்தம் ஏற்றியவர்களிடம் அப்படியொரு நோய் பரவுவதைக் காட்டினார். மைக்கேல் ஹாட்டன் குழு 1989-ல் வைரஸைக் கண்டறிந்தது. இந்த வைரஸ் மட்டுமே அந்த நோயை உண்டாக்கப் போதுமானது என்பதை சார்ல்ஸ் ரைஸ் நிறுவினார். மூவருக்கும் 2020-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. பரிசோதனையே இல்லாத அந்தக் காலத்தில் சிறுநீரக நோயாளிகளுக்கு ரத்தம் ஏற்றுவது சர்வசாதாரணம். சிறுநீரகம் பழுதானால், சிவப்பணுக்கள் உருவாகத் தூண்டும் எரித்ரோபொய்டின் ஹார்மோன் குறையும், ரத்தசோகை வரும், வேறு வழியில்லாமல் பாட்டில் பாட்டிலாக ரத்தம் ஏற்றுவார்கள். 1989-ல் எரித்ரோபொய்டின் ஊசியும் வந்தது, அதை அடுத்து தானமாக வரும் ரத்தத்தைப் பரிசோதிக்கும் முறையும் வந்தது. புதுத் தொற்று வேகமாகக் குறைந்தது.

குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. ரத்தமே ஏற்றாதவர்களுக்கும் வந்தது. டயாலிசிஸில் இருக்கும் வருடங்கள் கூடக்கூட வாய்ப்பும் கூடியது. ஒரே ஊரில் ஒரு மையத்தில் அதிகமாகவும் இன்னொன்றில் குறைவாகவும் இருந்தது. வீட்டிலேயே வயிற்று வழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களிடம் மிகவும் குறைவாக இருந்தது. ஒரே அறையில் படுத்திருந்தவர்களின் வைரஸ்களை எடுத்து மரபணு வரிசையை ஒப்பிட்டபோது, பல இடங்களில் அவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்று தெரிந்தது. சந்தேகத்துக்கு இடமில்லாமல் சிகிச்சை அறையே பரவும் இடமாக இருந்தது.

சரி, பாசிட்டிவ் ஆனவர்களைத் தனி மெஷினில் போட்டால் என்ன தவறு? ஹெபடைடிஸ் பி-க்கு அப்படித்தானே செய்கிறார்கள்? நியாயமான கேள்வி. ஹெபடைடிஸ் பி டயாலிசிஸ் மையங்களை ஆட்டிப்படைத்த வரலாறு உண்டு. 1969-70ல் எடின்பரோவில் நடந்த பரவலில் நோயாளிகளோடு மருத்துவமனை ஊழியர்களும் இறந்தார்கள். அதன் பிறகுதான் தனிமைப்படுத்தும் விதிகள் உறுதியாயின, அவை நன்றாகவே பலன் தந்தன. ஆனால் இரண்டு வைரஸ்களும் ஒன்றல்ல. ஊசி குத்திவிட்டால் ஹெபடைடிஸ் பி தொற்றும் வாய்ப்பு 30 சதவீதம் வரை போகலாம். ஹெபடைடிஸ் சி-க்கு அது இரண்டு சதவீதத்துக்கும் கீழே. பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது, ஆகவே தொற்று இல்லாத மற்றவர்களைக் காப்பாற்ற இன்னொரு அரணும் உண்டு. சி-க்குத் தடுப்பூசி இல்லை.

அதைவிட முக்கியமான சிக்கல், 'நெகட்டிவ்' வரிசையில் இருப்பவர் உண்மையிலேயே நெகட்டிவா என்பது. தொற்றிய பிறகு, வைரஸுக்கு எதிராக உடல் உண்டாக்கும் ஆன்டிபாடி பரிசோதனையில் தெரிய எட்டு முதல் பதினோரு வாரம் ஆகலாம். டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி மந்தமாக இருப்பதால் இன்னும் தாமதமாகலாம், சிலருக்கு வராமலே போகலாம். அந்த இடைவெளியில் அவர் நெகட்டிவ் நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பார், ரத்தத்தில் வைரஸ் நிறைந்திருக்கும், சுற்றியுள்ளவர்களோ 'இந்தப் பக்கம் பயமில்லை' என்று கையுறை மாற்றுவதில் சற்றுத் தளர்ந்திருப்பார்கள். பாசிட்டிவ் பக்கமும் பாதுகாப்பானதல்ல. ஒரு வகை வைரஸ் உள்ளவருக்கு வேறு மரபணு வகையும் தொற்ற முடியும்; மருந்தில் குணமானவருக்கு மறுபடியும் வரலாம். இதனால்தான் சிறுநீரக நோய்களுக்கான சர்வதேச வழிகாட்டுதல்களை வெளியிடும் கேடிகோ அமைப்பு, ஹெபடைடிஸ் சி உள்ளவர்களுக்கென்று தனி மெஷின் வைப்பதையோ அவர்களைத் தனிமைப்படுத்துவதையோ பரிந்துரைக்கவில்லை. ஒவ்வொரு நோயாளியின் ரத்தத்தையும் தொற்று உள்ள ரத்தமாகவே கருதிக் கையாளுங்கள் என்கிறது. தனிமைப்படுத்தியதால் தொற்று குறைந்ததாகச் சில மையங்கள் சொன்னது உண்மை. பெரும்பாலும் அதே சமயத்தில் கை சுத்தம், கையுறை, மருந்து கையாளுதல் எல்லாவற்றையும் அவர்கள் சேர்த்தே திருத்தினார்கள். பலன் எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்வது கடினம்.

எனக்கு இதில் மருத்துவக் காரணத்துக்குச் சமமாக இன்னொன்றும் முக்கியமாகப் படுகிறது. அறையின் கோடியில் உள்ள அந்த மெஷின் யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். வாரம் மூன்று முறை பார்க்கும் பக்கத்து நாற்காலிக்காரர்கள்தான் டயாலிசிஸ் நோயாளிக்கு இருக்கும் பெரிய துணை. அந்தத் துணையையும் பறித்துவிட்டு, தொற்று வந்ததற்கே அவர்தான் காரணம் என்பதுபோல உட்கார வைப்பது அநியாயம். அவருக்கு அது வந்தது சிகிச்சை அறையிலிருந்தே என்றால் இரட்டை அநியாயம்.

பரிசோதனைக்கு வருவோம். இங்கேயும் டயாலிசிஸ் உடல் கொஞ்சம் ஏமாற்றும். கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி என்ற ஏஎல்டி அளவு சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இயல்பாகவே குறைவாக இருக்கும். லேப் ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்ற எல்லைக்குள்ளேயே எண் நின்றுகொண்டு, உள்ளே வைரஸ் பெருகிக்கொண்டிருக்கலாம். ஆகவே பொது எல்லையோடு ஒப்பிடுவதைவிட அவருடைய சொந்தப் பழைய எண்களோடு ஒப்பிடுவதே பலன் தரும். எப்போதும் 12, 14 என்று இருந்தவருக்குத் திடீரென்று 38 என்று வந்தால், அது 'நார்மல்' ஆனாலும் கேள்வி கேட்க வேண்டிய எண். மாதம் ஒருமுறை ஏஎல்டி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஹெபடைடிஸ் சி பரிசோதனை என்பது கேடிகோ சொல்லும் கணக்கு. டயாலிசிஸ் தொடங்கும்போதும், ஒரு மையத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதும் கண்டிப்பாகச் செய்ய வேண்டும். ஆன்டிபாடி பாசிட்டிவ் என்றால், வைரஸின் மரபணுப் பொருளையே தேடும் ஆர்என்ஏ பரிசோதனை செய்தால்தான் இப்போது வைரஸ் இருக்கிறதா என்று தெரியும். ஆர்என்ஏ, தொற்றிய ஓரிரு வாரத்திலேயே தெரிந்துவிடும். தொற்று அதிகமாக உள்ள மையங்களில் நேரடியாக ஆர்என்ஏ பரிசோதனையிலிருந்தே தொடங்குவது நல்லது.

ஏன் இவ்வளவு துரத்த வேண்டும் என்றால், இந்த நோய் சத்தம் போடாது. தொற்றியவர்களில் பெரும்பாலானோருக்கு ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் இல்லை. களைப்பும் பசியின்மையும் இருந்தாலும் டயாலிசிஸில் இருப்பவர் அதைச் சிறுநீரகத்தின் கணக்கிலேயே எழுதிவிடுவார். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், தொற்றியவர்களில் ஏறத்தாழ 30 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்துக்குள் தானாகவே போய்விடுகிறது. மற்றவர்களுக்கு நாள்பட்ட நோயாகிறது. அப்படி நாள்பட்டவர்களில் 15 முதல் 30 சதவீதம் பேருக்கு இருபது ஆண்டுகளில் கல்லீரல் சுருங்கிக் கெட்டிப்படும் சிரோசிஸ் வரலாம். டயாலிசிஸில் இருப்பவர்களிடம் இந்த வைரஸ் கல்லீரலோடு நிற்பதும் இல்லை. தொற்று உள்ளவர்களுக்கு மரண ஆபத்து கூடுதலாக இருப்பதையும், அதில் இதய, ரத்தநாள நோய்களுக்கும் பங்கு உண்டு என்பதையும் ஆய்வுகள் காட்டுகின்றன. மாற்றுச் சிறுநீரகம் பொருத்திய பிறகு சர்க்கரை நோய் வரவும், புதுச் சிறுநீரகம் பழுதாகவும் வாய்ப்பு அதிகம்.

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்புவரை, கண்டுபிடித்தாலும் செய்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. இன்டர்ஃபெரான் ஊசியை மாதக்கணக்கில் போட வேண்டும்; காய்ச்சல், சோர்வு, மனச்சோர்வு என்று பாதியிலேயே விட்டவர்கள் ஏராளம். அதனுடன் கொடுக்கும் ரிபாவிரின் சிவப்பணுக்களை உடைக்கும். ஏற்கெனவே ரத்தசோகையில் இருப்பவருக்கு அதைக் கொடுப்பது கத்திமேல் நடப்பது. நேரடியாக வைரஸைத் தாக்கும் மாத்திரைகள் வந்த பிறகு எல்லாம் மாறியது. 2013-ல் சோஃபோஸ்புவிர் வந்தபோது டயாலிசிஸ் நோயாளிகள் வெளியே நிறுத்தப்பட்டார்கள், அதன் கழிவு சிறுநீரகம் வழியாக வெளியேறும் என்பதால். சிறுநீரகத்தை நம்பாத மருந்துகள் அடுத்து வந்தன. கிரேசோப்ரெவிர், எல்பாஸ்விர் கூட்டு மாத்திரையை முற்றிய சிறுநீரக நோயாளிகளிடம் சோதித்த ஆய்வு 2015-ல் வெளியானது. கிளெகாப்ரெவிர், பிப்ரென்டாஸ்விர் கூட்டு மாத்திரையை 104 பேருக்கு 12 வாரம் கொடுத்த ஆய்வு 2017-ல் வந்தது. 98 சதவீதம் பேர் குணமானார்கள். அனுபவம் சேர்ந்த பிறகு 2019-ல் சோஃபோஸ்புவிர் கலந்த மாத்திரைகளையும் டயாலிசிஸில் பயன்படுத்தலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு குறிப்பை மாற்றியது. டயாலிசிஸில் இருப்பதால் சிகிச்சை இல்லை என்று இன்று யாராவது சொன்னால், அது காலாவதியான தகவல்.

தொடங்கும் முன் இரண்டு விஷயங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்று, ஹெபடைடிஸ் பி-யும் இருக்கிறதா என்பது. சி போகும்போது அதுவரை அடங்கியிருந்த பி தலைதூக்கலாம். மற்றொன்று, ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகள். இதயத் துடிப்புக்கான அமியோடரோனோடு சோஃபோஸ்புவிர் சேர்ந்தால் துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையலாம். கொழுப்புக்கான ஸ்டாட்டின் மாத்திரைகள் சிலவற்றுடனும் சிக்கல் உண்டு. டயாலிசிஸ் நோயாளியின் மருந்துச் சீட்டு நீளமானது, அதை முழுமையாக டாக்டரிடம் காட்டுவது அவசியம்.

மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு திருப்பம் இருக்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 2017-ல் வெளியான ஆய்வில், ஹெபடைடிஸ் சி இருந்த தானமளிப்பவர்களின் சிறுநீரகங்களை, தொற்றே இல்லாத 10 பேருக்கு அவர்களின் சம்மதத்தோடு பொருத்தி, உடனே மாத்திரையும் கொடுத்தார்கள். பத்துப் பேருமே குணமானார்கள். முன்பு தூக்கி எறியப்பட்ட சிறுநீரகங்கள் அதன் பிறகு உயிர்காக்கும் சிறுநீரகங்களாயின. ஏற்கெனவே தொற்று உள்ள ஒருவர், உடனே மாத்திரை சாப்பிட்டுவிடுவதா அல்லது அத்தகைய சிறுநீரகம் சீக்கிரம் கிடைக்கும் இடமானால் பொருத்திய பிறகு சாப்பிடுவதா என்பதைச் சிறுநீரக டாக்டரும் கல்லீரல் டாக்டரும் சேர்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும். கல்லீரல் எந்த நிலையில் இருக்கிறது, எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதைப் பொறுத்தது அது. காத்திருப்பு நீளும் என்றால், அந்தக் காலமெல்லாம் வைரஸைச் சுமந்துகொண்டிருப்பதில் அர்த்தமில்லை.

மையத்தில் புதிதாக ஒருவருக்குத் தொற்று வந்தால், அதை அவருடைய தனிப்பட்ட பிரச்சினையாக ஃபைலில் மூடி வைக்கக் கூடாது. அந்த மையத்தில் ரத்தம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போயிருக்கிறது என்பதற்கான சாட்சி அது. அதே ஷிஃப்டில், அருகருகே இருந்த எல்லோருக்கும் ஆர்என்ஏ பரிசோதனை செய்ய வேண்டும், கொஞ்ச காலத்துக்குப் பரிசோதனையை அடிக்கடி செய்ய வேண்டும், ஊழியர்கள் எப்போது கை கழுவுகிறார்கள், மருந்தை எங்கே நிரப்புகிறார்கள் என்பதை யாராவது உட்கார்ந்து கவனிக்க வேண்டும். ஒரு நர்ஸ் எத்தனை பேரைப் பார்க்கிறார், இரண்டு ஷிஃப்டுகளுக்கு நடுவே எத்தனை நிமிடம் இருக்கிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். முந்தையவர் எழுந்து போன பிறகு நாற்காலி, மெஷினின் வெளிப்பக்கம், க்ளாம்ப், குழாய்களை முதலில் கழுவி நிரப்பும் பிரைமிங் திரவத்தைப் பிடிக்கும் வாளி எல்லாவற்றையும் கிருமிநாசினியால் துடைத்து, அது காய நேரம் விட்டு, அதன் பிறகே அடுத்தவரை அழைக்க வேண்டும். வழக்கமாகத் துடைக்க நூறில் ஒரு பங்கு ப்ளீச் கரைசல் போதும்; ரத்தம் சிந்திய இடத்துக்குப் பத்தில் ஒரு பங்கு. விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்கு வேண்டாம். ஆட்களும் நேரமும் வேண்டும். மிச்சம் பிடிப்பது என்று வந்தால் முதலில் வெட்டுபடுவதும் அந்த இரண்டுதான்.

நோயாளியும் வீட்டாரும் சும்மா இருக்க வேண்டியதில்லை. பஞ்சை அழுத்தும் விரலுக்குக் கையுறை கேளுங்கள், எழும் முன் கையைக் கழுவுங்கள். "கையுறை மாத்திட்டீங்களா சிஸ்டர்?" என்று கேட்பது அவமரியாதை ஆகாது. கடைசியாக எப்போது ஹெபடைடிஸ் சி பரிசோதனை நடந்தது, அது ஆன்டிபாடியா ஆர்என்ஏயா என்று கேட்டு ரிப்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

குணமானவர்களுக்கு அந்த ரிப்போர்ட் இன்னும் முக்கியம். மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்தும் ஆர்என்ஏ தெரியவில்லை என்றால் அவர் குணமானவர். ஆனால் ஆன்டிபாடி பல வருடங்கள், பெரும்பாலும் ஆயுள் முழுக்க, பாசிட்டிவ் என்றே காட்டும். வேறு ஊருக்குப் போய்ப் புது மையத்தில் சேரும்போது அந்த ஒரு வரியை மட்டும் பார்த்து "ஹெபடைடிஸ் சி உள்ளவர்" என்று பதிந்துவிடுகிறார்கள். சில இடங்களில் சேர்க்கவே மறுக்கிறார்கள். ஆகவே சிகிச்சை எப்போது முடிந்தது, ஆர்என்ஏ எந்தத் தேதியில் நெகட்டிவ் ஆனது என்பதைப் பழைய மையத்தின் டிரான்ஸ்ஃபர் கடிதத்திலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. ஒருமுறை வந்து போனதால் எதிர்ப்புச் சக்தி கிடைத்துவிடாது; அவருக்கு மறுபடியும் தொற்றலாம். அதைக் கண்டுபிடிக்க ஆன்டிபாடி உதவாது என்பதால், டயாலிசிஸில் இருக்கும் வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவருக்கு ஆர்என்ஏ பரிசோதனைதான் செய்ய வேண்டும்.